பழைய வேர்டு கோப்புகளுக்குள் ஒரு தமிழ்ச் சொல்லைத் தேட வேண்டும், பைத்தானில் எப்படி?

செம்பவாங் மகள் எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விவரம் சொல்லாமல் கேட்டால் பதில் சொல்கிறவர்களுக்குத்தான் சிரமம்.

அப்பா ஓய்வுபெற்ற தமிழாசிரியர், வயது 81. கண் அழுத்த நோய் வந்து மூன்று வருடமாக அவரால் வாசிக்க முடிவதில்லை. 2000, 2001 வாக்கில் வீட்டுக் கணினியில் நிறையத் தட்டச்சு செய்தார். பாடக் குறிப்பு, பயிற்சித்தாள், கூட்ட அறிக்கை, ஊருக்குக் கடிதம், இடையிடையே கட்டுரைகள். எல்லாம் ஃபிளாப்பியில். 31 ஃபிளாப்பிகளை ஒரு கொங் குவான் பிஸ்கட் டின்னில் அடுக்கி, அலமாரி மேல் தட்டில் வைத்திருந்தார்.

அதில் என் அப்பாயியைப் பற்றி ஒரு கட்டுரை இருக்கிறது. தாத்தா செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை பார்த்தவர். கப்பல் பட்டறையில் கிரீஸும் துருவுமாக வேலை முடித்து வருவார். அவர் குளிக்க அப்பாயி மண்ணெண்ணெய்த் தகரத்தில் தண்ணீர் காய வைப்பாராம். அடுத்த மாதம் அப்பாயியின் திதி. "அதை ஒரு தடவை படிச்சுக் காட்டும்மா" என்று அப்பா கேட்டார். கட்டுரையின் தலைப்பு அவருக்கு நினைவில்லை. முதல் வரியில் 'வெந்நீர்' என்ற சொல் வரும், அது மட்டும் நிச்சயம் என்கிறார்.

சிம் லிம் ஸ்கொயரில் யூஎஸ்பி ஃபிளாப்பி டிரைவ் ஒன்று வாங்கினேன். 26 வட்டுகள் நகலாகிவிட்டன. மொத்தம் 412 கோப்புகள். பெயரெல்லாம் ஏழெட்டு எழுத்துதான், அதைப் பார்த்து ஒன்றும் புரியாது. ஐந்து வட்டுகளைத் திறந்தாலே 'ஃபார்மட் செய்யவா?' என்று கேட்கிறது. வேண்டாம் என்று அழுத்தி வெளியே எடுத்துவிட்டேன்.

வேலையிடத்தில் சரக்குப் பட்டியல்களைப் பிரிக்க பைத்தான் எழுதுவேன். அந்தத் தைரியத்தில் இறங்கினேன். கோப்பைச் சாதாரணமாக ஓபன் செய்தால் முதல் பைட்டிலேயே 'யூடிஎஃப்-8 (இன்றைய யூனிகோட் எழுத்தைச் சேமிக்கும் முறை) ஆகப் பிரிக்க முடியவில்லை' என்ற பிழை. பிழைகளை விட்டுவிடு என்று சொன்னேன், ஓடியது, ஒன்றும் கிடைக்கவில்லை. பிறகு 'ஆர்பி' போட்டு பைட்டாகவே திறந்தேன். சாதாரணச் சரத்தை பைட்டுக்குள் தேட முடியாது என்று திட்டியது. சரி என்று 'வெந்நீர்' சொல்லை யூடிஎஃப்-8 பைட்டாக மாற்றித் தேடினேன். 412 கோப்பிலும் பூஜ்யம். கிரெப் என்ற தேடல் கட்டளையும் வாய் திறக்கவில்லை. ஸ்டிரிங்ஸ் கட்டளை அச்சுப்பொறியின் பெயரையும் 'மைக்ரோசாஃப்ட் வேர்டு' என்பதையும் மட்டும் காட்டுகிறது.

வேர்டு போன்ற இலவச மென்பொருளான லிப்ரே ஆஃபீஸில் திறந்தால் ஐரோப்பிய எழுத்துக் குழப்பம். பல கோப்புகளின் தலைப்பில் ஒரே நான்கு குறிகள் வருகின்றன: முக்கால் பின்னம், தலையில் கோடு போட்ட பெரிய ஏ, அமெரிக்கக் காசுக்குறி, தலையில் கோடு போட்ட சின்ன யூ. கோப்பு கெட்டுவிட்டதா, அல்லது நான் தேடும் விதம்தான் தப்பா?

யீஷூன் தம்பி எழுதியது:

அக்கா, கோப்பு கெடவில்லை என்றுதான் தோன்றுகிறது. கெட்டிருந்தால் ஒரே குறிகள் திரும்பத் திரும்ப வராது. ஸ்டிரிங்ஸ் கட்டளை சாதாரணமாக ஆங்கில எழுத்து நான்காவது சேர்ந்து வந்தால்தான் காட்டும், 127-க்கு மேலே உள்ள பைட்டுகளைத் தாண்டிப் போய்விடும். அதனால் அதை நம்ப வேண்டாம். லிப்ரே ஆஃபீஸைத் திரையில்லாமல் ஓடவிட்டு 412 கோப்பையும் வெறும் உரையாக மாற்றிவிட்டு, அந்தக் குழப்ப எழுத்திலேயே தேடினால் என்ன? வெந்நீர் எந்தக் குறிகளாக மாறும் என்று தெரிந்தால் போதும். அது எனக்குத் தெரியவில்லை.

பழைய எழுத்துரு எழுதியது:

அம்மா, உங்கள் நான்கு குறிகளைப் படித்ததும் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். முக்கால், ஏ, காசு, யூ. அது 'தமிழ்' என்ற சொல்! முக்கால் பின்னம் த, கோடு போட்ட ஏ என்பது ம, காசுக்குறி இகரக் குறி, கடைசி யூ என்பது ழ். திஸ்கி என்ற பழைய தமிழ்க் குறியேற்றத்தில் (எந்த எழுத்துக்கு எந்த எண் என்ற ஏற்பாடு) தட்டச்சு செய்ததை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் இப்படித்தான் தெரியும். அந்த நாளில் மின்னஞ்சலில் இதைப் பார்த்துப் பார்த்து, எழுத்துரு இல்லாமலே படிக்கப் பழகியவர்கள் நாங்கள்.

இன்றைய பிள்ளைகளுக்கு ஒரு விஷயம் சொல்ல வேண்டும். 1997 மே மாதம் இதே சிங்கப்பூரில் முதல் தமிழ் இணைய மாநாடு நடந்தது. நம் சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி முன்னின்று நடத்தினார். தமிழை இணையத்தில் ஏற்ற அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. ஆளுக்கொரு எழுத்துரு, ஆளுக்கொரு குறியேற்றம் என்று இருந்த காலம் அது. ஒருவர் அனுப்பியதை இன்னொருவர் படிக்க முடியாது. அந்தப் பேச்சுகளிலிருந்து வளர்ந்ததுதான் திஸ்கி. 1999-ல் சென்னை மாநாட்டில் டாப், டாம் என்று இன்னும் இரண்டு குறியேற்றங்கள் வந்தன. கோவிந்தசாமி அதே 1999-ல் காலமானார். அவருக்கு இன்னும் பத்து வருடம் கிடைத்திருக்க வேண்டும், அவ்வளவுதான் சொல்வேன்.

உங்கள் அப்பா முரசு அஞ்சல் என்ற தமிழ்த் தட்டச்சு மென்பொருள் வைத்திருந்தாரா என்று கேளுங்கள். வைத்திருந்தால் பெரும்பாலும் திஸ்கிதான்.

பைட் பார்ப்பவன் எழுதியது:

ஐயா நோயைச் சரியாகக் கண்டுபிடித்துவிட்டார். மருந்தை நான் சொல்கிறேன்.

முதலில், உங்கள் பூஜ்யம் எப்படி வந்தது என்று பாருங்கள். யூனிகோடில் 'வெந்நீர்' என்பது எட்டுக் குறிகள், யூடிஎஃப்-8 ஆக்கினால் 24 பைட். திஸ்கியில் அதே சொல் ஆறே பைட்: 166, 197, 243, 191, 163, 247. 24 பைட்டை வைத்துக்கொண்டு ஆறு பைட்டைத் தேடினால் எந்தக் காலத்திலும் கிடைக்காது.

இன்னொன்று கவனியுங்கள். திஸ்கியில் எழுத்து கண்ணுக்குத் தெரியும் வரிசையிலேயே இருக்கும். முதல் பைட் 166 ஒற்றைக்கொம்பு, பிறகுதான் 197 என்ற வ. யூனிகோடில் வ முதலில், கொம்பு பின்னால். அதனால் பைட்டுக்கு பைட் மாற்று அட்டவணை போட்டு யூனிகோடிலிருந்து திஸ்கிக்குப் போகப் பார்க்காதீர்கள், இடம் மாறும்.

அடுத்தது சொல்லின் கடைசி. 'வெந்நீர்' என்று முழுதாகத் தேடினால் 'வெந்நீரை' தப்பிவிடும். ர் என்பது திஸ்கியில் 247 என்ற தனிக் குறி. ரை என்றால் முதலில் ஐகாரக் கொம்பு 168, பிறகு ர 195. கடைசி பைட்டே வேறாகிவிடுகிறது. வேற்றுமை உருபு ஏறாத சொல் தமிழில் எத்தனை இருக்கும்? அதனால் 'வெந்நீ' வரை, முதல் ஐந்து பைட்டை மட்டும் தேடுங்கள். ஐந்து பைட் தற்செயலாகப் பொருந்துவது அபூர்வம். மூன்று பைட்டாகக் குறைத்தால் குப்பை வரத் தொடங்கும்.

இனி வேர்டு செய்யும் வேலை. டாக் கோப்பு உரையை இரண்டு விதத்தில் வைக்கும். எழுத்துக்கு ஒரு பைட்டாக வைக்கலாம், அல்லது இரண்டு பைட்டாக வைக்கலாம். இரண்டாவது விதத்தில் உங்கள் சொல் 166, 0, 197, 0, 243, 0 என்று ஒவ்வொன்றுக்கும் நடுவில் பூஜ்யத்தோடு இருக்கும். ஆகவே நான்கு வடிவங்களைத் தயார் செய்யுங்கள். திஸ்கி ஐந்து பைட் ஒன்று. அதையே சிபி1252 (விண்டோஸின் மேற்கு ஐரோப்பியக் குறியேற்றம்) ஆக டிகோட் செய்து 'யூடிஎஃப்-16-எல்இ' (அந்த இரண்டு பைட் முறை) ஆக என்கோட் செய்தது இரண்டாவது. பிறகு உண்மையான யூனிகோட் சொல்லின் யூடிஎஃப்-8, யூடிஎஃப்-16-எல்இ வடிவங்கள். கடைசி இரண்டும் அப்பா பிற்காலத்தில் தட்டச்சு செய்தது ஏதாவது இருந்தால் அதற்கு. கோப்பை 'ஆர்பி'யில் திறந்து, முழுதும் ரீட் செய்து, நான்கையும் ஒவ்வொன்றாக ஃபைண்ட் போட்டால் போதும். ஒரு மெகாபைட் கோப்புக்கு வேறு வித்தை தேவையில்லை.

பூஜ்யத்தை நீங்களே கையால் செருகாமல் சிபி1252 வழியாகப் போகச் சொன்னதற்குக் காரணம் உண்டு. திஸ்கியில் ஜ என்பது 131. அந்த 131 இரண்டு பைட்டாகும்போது '131, 0' ஆகாது, '146, 1' ஆகும். 'ஜன்னல்' என்று தேடுகிறவர் கையால் பூஜ்யம் செருகினால் ஏமாந்துபோவார். ஸ, ஷ, ஹ எல்லாவற்றுக்கும் இதே கதைதான்.

எந்தக் கோப்பு திஸ்கி என்று முன்கூட்டியே பிரிக்கவும் வழி இருக்கிறது. வேர்டு தன் கோப்புக்குள் எழுத்துருப் பெயரையும் எழுதி வைக்கும், அது இரண்டு பைட் முறையில் இருக்கும். திஸ்கி எழுத்துருக்களின் பெயர் பெரும்பாலும் 'டிஎஸ்சி' என்று தொடங்கும். 84, 0, 83, 0, 67, 0 என்ற ஆறு பைட்டைத் தேடிப் பாருங்கள்.

செம்பவாங் மகள் எழுதியது:

மூன்று பேருக்கும் கைகூப்பி நன்றி. அப்பாவிடம் கேட்டேன். "முரசு அஞ்சல், இணைமதி எழுத்து" என்று உடனே சொன்னார். காலையில் மாத்திரை சாப்பிட்டது மறந்துபோகும், இது மறக்கவில்லை.

412-ல் 388 கோப்புகளில் டிஎஸ்சி இருக்கிறது. நேற்று இரவு தேடலை ஓட்டினேன். முதலில் யூடிஎஃப்-16 என்று மட்டும் போட்டுவிட்டேன், எல்இ விட்டுப்போனது. பைத்தான் முன்னால் 255, 254 என்று இரண்டு பைட்டைத் தானாகச் சேர்த்துவிடுகிறது, அதனால் அந்த வடிவம் எங்கும் பொருந்தவில்லை. எல்இ சேர்த்ததும் சரியானது. வேறு யாராவது இந்த வழியில் வந்தால் இதைக் கவனியுங்கள்.

19 கோப்புகளில் வெந்நீ கிடைத்தது. கை நடுங்க ஒவ்வொன்றாகத் திறந்தேன். கிடைத்த இடத்துக்கு முன்னும் பின்னும் 200 பைட் வெட்டி, ஐகான்வ் கட்டளையில் திஸ்கியிலிருந்து யூடிஎஃப்-8-க்கு மாற்றினேன். லினக்ஸில் இருக்கும் ஐகான்வுக்கு திஸ்கி தெரிகிறது. புரியாத பைட்டில் நின்றுவிடாமல் இருக்க சி விருப்பமும் கொடுத்தேன். பதினெட்டில் ஒரே வரி: வெம்மை கூட்டல் நீர், வெந்நீர். உயர்நிலை இரண்டுக்கான புணர்ச்சிப் பயிற்சித்தாள்! வருடா வருடம் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் புதுப் பெயரில் சேமித்திருக்கிறார். பத்தொன்பதாவது ஊரில் இருக்கும் அத்தைக்கு எழுதிய கடிதம், காய்ச்சலுக்கு வெந்நீர் குடிக்கச் சொல்லி.

கட்டுரை இல்லை. மிச்சம் அந்த ஐந்து வட்டுகள்தான். இங்கே ஒரு கடையில் காட்டினேன். 'பழசு, தூக்கிப் போடுங்கள்' என்று வட்டைக் கையில்கூட வாங்காமல் சொன்னார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதற்குள் என்ன இருக்கிறது என்று அவர்களுக்குத் தெரியாது.

பைட் பார்ப்பவன் எழுதியது:

தூக்கிப் போடாதீர்கள். 'ஃபார்மட் செய்யவா' என்று கேட்பதால் உள்ளே ஒன்றும் இல்லை என்று ஆகாது. 1.44 எம்பி ஃபிளாப்பியில் மொத்தம் 2,880 செக்டர் என்ற சிறு பகுதிகள், ஒவ்வொன்றும் 512 பைட். முதல் 33 செக்டரில்தான் எந்தக் கோப்பு எங்கே என்ற பட்டியல் எல்லாம் இருக்கிறது. உரை அதற்குப் பின்னால்தான். பட்டியல் கிழிந்த புத்தகத்திலும் பக்கங்கள் அப்படியே இருக்குமே, அதைப் போல.

டிடி கட்டளையால் முழு வட்டையும் ஒரே கோப்பாக எடுங்கள். 512 பைட் துண்டாக எடுக்கச் சொல்லுங்கள், பிழை வந்தால் நிற்காமல் அந்த இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பிவிட்டுப் போகச் சொல்லுங்கள். பெரிய துண்டாக எடுத்தால் ஒரு கெட்ட செக்டருக்காக நல்ல செக்டர்களும் சேர்ந்து போகும். வரும் கோப்பு 1,474,560 பைட் இருக்க வேண்டும். அதற்குள் அதே நான்கு வடிவங்களைத் தேடுங்கள்.

கிடைத்தால், அங்கிருந்து பின்னோக்கி 208, 207, 17, 224, 161, 177, 26, 225 என்ற எட்டு பைட்டைத் தேடுங்கள். ஒவ்வொரு டாக் கோப்பும் இப்படித்தான் தொடங்கும். முதல் நான்கை பதினாறின் அடிமான எண்ணில் எழுதிப் பார்த்தால் 'டாக்ஃபைல்' என்று படிக்க வரும், யாரோ ஆசையாக வைத்தது. உங்களுக்கு முதல் நாள் வந்த பிழையும் இந்த 208-ஆல்தான். அந்த எட்டு பைட் தொடங்கும் இடத்திலிருந்து நூறு கிலோபைட் வெட்டித் தனிக் கோப்பாக எழுதுங்கள். கோப்பு வட்டில் துண்டு துண்டாகச் சிதறாமல் இருந்தால் லிப்ரே ஆஃபீஸ் திறந்துவிடும்.

பழைய எழுத்துரு எழுதியது:

அம்மா, ஒரு சின்ன யோசனை. வட்டின் உலோக மூடியை மெதுவாக நகர்த்தி, உள்ளே பூஞ்சை பிடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். நம் ஊர் ஈரக்காற்றுக்கு வெள்ளையாகப் படியும். அப்படி இருந்தால் டிரைவில் போடாதீர்கள், படிக்கும் முனை தேய்த்து வட்டைக் கீறிவிடும், டிரைவும் போய்விடும்.

செம்பவாங் மகள் எழுதியது:

கிடைத்துவிட்டது.

இரண்டு வட்டில் பூஞ்சை இருந்தது, ஐயா சொன்னபடி தனியாக எடுத்து வைத்தேன். மீதி மூன்றை எடுத்ததில் இரண்டாவது வட்டு. மேல் ஒட்டுத்தாளில் அப்பாவின் கையெழுத்தில் 'ஆசிரியர் கூட்டம்' என்றுதான் எழுதியிருந்தது. வெந்நீ முதலில் கிடைத்த இடம் 599,087. எட்டு பைட் அடையாளம் 596,992-ல். சரியாக 1,166-ஆம் செக்டரின் தொடக்கம். வெட்டி எழுதினேன், லிப்ரே ஆஃபீஸ் திறந்தது. இரண்டரைப் பக்கம். தலைப்பு 'அம்மாவின் அடுப்பு'.

சாயங்காலம் அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். முடித்ததும், "நடுவில் ஒரு பத்தி இருக்குமே?" என்றார். திரையில் இல்லை. "சரி, நான்தான் எடுத்துட்டேன்" என்று சொல்லிவிட்டு அமைதியாகிவிட்டார்.

ஆனால் பைத்தான் அந்தத் துண்டில் வெந்நீ ஏழு முறை வருவதாகச் சொல்கிறது. லிப்ரே ஆஃபீஸ் காட்டும் உரையில் எண்ணினால் ஆறு. அந்த ஏழாவது எது?

பைட் பார்ப்பவன் எழுதியது:

அது அவர் எடுத்த பத்தியாகத்தான் இருக்கும். பழைய வேர்டில் 'விரைவாகச் சேமி' என்று ஒரு வசதி இருந்தது. ஃபிளாப்பியில் முழுக் கோப்பையும் திரும்ப எழுத நேரமாகும் என்பதால், மாற்றத்தை மட்டும் எழுதும். அழித்த உரையை உண்மையில் அழிக்காது. எந்தத் துண்டுக்குப் பிறகு எந்தத் துண்டைக் காட்ட வேண்டும் என்று கோப்புக்குள் ஓர் அட்டவணை இருக்கும், அதில் மட்டும் அந்தப் பத்தியைத் தவிர்த்துவிடும். லிப்ரே ஆஃபீஸ் அட்டவணையைப் பின்பற்றுகிறது, அதனால் ஆறு. நீங்கள் பைட்டைப் பார்க்கிறீர்கள், அதனால் ஏழு.

புதிதாகச் சேர்த்த வரிகள்தான் கடைசிக்குப் போகும். அழித்தவை பழைய இடத்திலேயே இருக்கும். ஏழாவது இடத்தைச் சுற்றி ஆயிரம் பைட் மாற்றிப் பாருங்கள், முன்பத்தியும் பின்பத்தியும் ஒட்டியே வரும். ஒன்று மட்டும்: அவர் எடுத்ததை நீங்கள் படிக்கலாமா என்று முதலில் அவரையே கேளுங்கள்.

செம்பவாங் மகள் எழுதியது:

கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்து, "படி" என்றார்.

ஏழு வரிதான். அப்பா ஆசிரியர் பயிற்சிக்குப் போன வருடம் அப்பாயி தன் தோட்டை அடகு வைத்திருக்கிறார். பெரியப்பா படிப்பை நிறுத்திவிட்டுத் தளத்தில் வேலைக்குச் சேர்ந்ததும் அதே வருடம். வெந்நீர்த் தகரம் அன்றிலிருந்து இரண்டு தடவை அடுப்பில் ஏறியது, ஒன்று தாத்தாவுக்கு, ஒன்று பெரியப்பாவுக்கு.

"அண்ணன் படிச்சா மனசு கஷ்டப்படும்னு எடுத்தேன்" என்றார் அப்பா. பெரியப்பா தவறி ஆறு வருடம் ஆகிறது. "அதைத் திரும்பச் சேர்த்துடு. எந்த இடம்னு எனக்கு ஞாபகம் இல்லையே" என்றார்.

நீங்கள் சொன்னது போலவே அது தன் இடத்தில்தான் இருந்தது அண்ணா. முன்னால் தாத்தாவின் கிரீஸ் படிந்த சட்டை, பின்னால் சம்பள நாளில் வாங்கி வரும் பக்கோடா. நடுவில் அந்த ஏழு வரி. யூனிகோடில் மாற்றிப் பெரிய எழுத்தில் அச்செடுத்துவிட்டேன். பெரியப்பா மகளுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன், திதி அன்று அவளும் வருகிறாள், அவள்தான் படிக்கப்போகிறாள்.

பூஞ்சை பிடித்த இரண்டு வட்டுகளும் தனி உறையில் இருக்கின்றன. வட்டைச் சுத்தம் செய்து பழகியவர்கள் யாராவது தேக்கா பக்கம் இருந்தால் சொல்லுங்கள், நேரில் கொண்டுவருகிறேன்.